டப்பாவில் வரும் ஆரோக்கியம்

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆகவே கதை எங்கே இருந்தாலும், எந்த வேஷத்தில் இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். இப்போதெல்லாம் கெட்டிக்காரத்தனமான கதைகள் பத்திரிகைகளின் கதைப் பக்கங்களில் வருவதில்லை. விளம்பரப் பக்கங்களில்தான் வருகின்றன. அதிலும் ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் பொடி, பானம், கேப்ஸ்யூல், விசேஷ உப்பு, விசேஷ எண்ணெய் ஆகியவற்றைப் பற்றி எழுதப்படும் கதைகளைப் படிக்கும்போது, 'நல்லவேளை, இந்தப் பேனா நாவல் பக்கம் வரவில்லை' என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருக்கிறது. போட்டி தாங்க முடியாது.

இந்தக் கதைகளுக்கெல்லாம் ஒரே கரு. ஐம்பது வயது கடந்த ஒரு குடும்பஸ்தர். வருஷக்கணக்காக மாத்திரை விழுங்கி வெறுத்துப் போனவர். 'ஆயுள் முழுவதும் இந்த அடிமைத்தனந்தானா?' என்று பெருமூச்சு விடுகிறார். அந்தச் சமயம் பார்த்து ஒரு நண்பர் ஒரு டப்பாவைக் கொடுக்கிறார். உள்ளே இருப்பது முழுக்க முழுக்க இயற்கை! மூன்றே மாதத்தில் ரத்த அழுத்தம் இறங்குகிறது; டாக்டர் மூக்கின்மேல் விரலை வைக்கிறார்; குடும்பஸ்தர் மாத்திரைகளைக் குப்பைக் கூடையில் வீசுகிறார். சுபம். கீழே விலையும் தொலைபேசி எண்ணும்.

பொய் சொல்வது என் தொழிலுந்தான். ஆனால் நான் என் பொய்க்கு மேலே 'நாவல்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறேன். வாங்குகிறவர் தெரிந்தே வாங்குகிறார். இவர்களும் அப்படி ஒன்றைப் போடத்தான் வேண்டும். சட்டம் போடச் சொல்கிறது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பாருங்கள். 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல' என்னும் பொருள்பட ஒரு வாசகம், எறும்பு ஊர்ந்த தடம்போல, ஏதோ ஒரு மூலையில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். முன்பக்கத்தில் சிவப்பு இருதயப் படம். பின்பக்கத்தில் இந்த வாக்குமூலம். படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஆயிரம் பேர் என்றால், வாக்குமூலத்தைப் படிக்கிறவர் ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகம்.

இந்த வாக்குமூலம் எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். 1954ஆம் வருஷமே நம் நாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. மருந்துகளும் மந்திரச் சிகிச்சைகளும் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் அது. எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஓர் அட்டவணையே இருக்கிறது. அந்த அட்டவணையில் ரத்த அழுத்தமும் உண்டு. ஆகவே 'இது ரத்தக் கொதிப்புக்கு மருந்து' என்று விளம்பரம் செய்தால் சட்டம் கையைப் பிடிக்கும். 'இது மருந்தே அல்ல, ஐயா, உணவு' என்று சொல்லிவிட்டால்?

2006இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2016இல் வந்த விதிகளும் இந்தப் பொடிகளையும் கேப்ஸ்யூல்களையும் உணவு வரிசையில் உட்கார வைத்தன. நிபந்தனை, எந்த நோயையும் குணப்படுத்துவதாகச் சொல்லக் கூடாது என்பது. அவர்கள் டப்பாவில் அப்படிச் சொல்வதும் இல்லை. 'இருதய நலனுக்குத் துணை', 'சீரான ரத்த ஓட்டத்துக்கு உதவும்' என்று பட்டும் படாமலும் எழுதுகிறார்கள். மீதியை ஏஜெண்டும், வாட்ஸப் செய்தியும், யூடியூப் உபந்நியாசகரும் சொல்லி முடிக்கிறார்கள். விலாங்கு மீன் பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுமாம். இந்த டப்பா அதிகாரிக்கு உணவாகவும் நோயாளிக்கு மருந்தாகவும் காட்சி கொடுக்கிறது. 2024இல் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர்களை நேரில் வரவழைத்து, நோய் தீர்ப்பதாகச் செய்த விளம்பரங்களுக்காகப் பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்க வைத்ததே, நினைவிருக்கிறதா? மன்னிப்புக் கேட்டார்கள். கடைத்தெரு மாறிவிடவில்லை.

உணவு என்று பெயர் வைத்துக்கொண்டதில் அவர்களுக்கு என்ன லாபம்? நிரூபிக்கிற பொறுப்பிலிருந்து விடுதலை. என் புகார் முழுவதும் இந்த ஒரு வாக்கியந்தான்.

நிரூபணம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1967இல் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. கடுமையான ரத்தக் கொதிப்புள்ள 143 பேர். 73 பேருக்கு மருந்து. 70 பேருக்கு அதைப்போலவே தோற்றமுள்ள வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிடையே 27 பேருக்குப் பக்கவாதம், இருதயச் சீர்குலைவு, மரணம் போன்ற விபரீதங்கள் நேர்ந்தன. மருந்து சாப்பிட்டவர்களிடையே 2 பேருக்கு. இருபத்தேழு எங்கே, இரண்டு எங்கே! இதற்குப் பெயர்தான் நிரூபணம். கருவியில் இலக்கம் குறைந்ததா என்பதோடு நிற்காமல், மனிதர் விழாமல் இருந்தாரா என்று கேட்டுப் பதில் வாங்கினார்கள்.

பூண்டுச் சத்து, பீட்ரூட் சாறு, செம்பருத்தி டீ ஆகியவற்றைப் பற்றியும் சோதனைகள் நடந்திருக்கின்றன. சில புள்ளிகள் குறைந்ததாகக் கண்டும் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் சிறு சோதனைகள். சில வாரச் சோதனைகள். இதைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது என்று இந்த டப்பாக்காரர்கள் யாராவது காட்டட்டும். நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஜப்பானில் 1991இலேயே இப்படிப்பட்ட உணவுகளுக்குச் சர்க்கார் முத்திரை கொடுக்கும் ஏற்பாடு வந்தது. புளித்த பாலிலிருந்து எடுத்த ஒரு சத்து, ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று அங்கே முத்திரையோடு விற்பனையாயிற்று. அதே சத்தை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பரிசீலித்து, நிரூபணம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. முத்திரை வேறு, நிரூபணம் வேறு.

இந்த இடத்தில் வாசகர்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. 'உணவே மருந்து என்று நம் முன்னோர் சொல்லவில்லையா?' என்பார்கள். சொன்னார்கள். டப்பாவே மருந்து என்று சொல்லவில்லை. என் பாட்டி பூண்டு ரசம் வைத்தாள். அது ரசம், சோற்றில் ஊற்றிச் சாப்பிட. பூண்டைக் காய வைத்து இடித்து, அறுபது குளிகைகளாக்கி, 1,200 ரூபாய் என்று அவள் சீட்டு ஒட்டவில்லை. அவளுடைய பெயரைச் சொல்லித்தான் இன்று வியாபாரம் நடக்கிறது. அவள் பேரன் என்கிற உரிமையில் நான் ஆட்சேபிக்கிறேன்.

'பாட்டி காலத்தில் ரத்தக் கொதிப்பே கிடையாதே!' என்பது அடுத்த பாட்டு. ரத்தக் கொதிப்பு இருந்தது. அளக்கக் கருவிதான் இல்லை. கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் முறையை இத்தாலிய டாக்டர் ரிவா-ரோச்சி கண்டது 1896இல். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு அளக்கும் முறையை ரஷ்ய டாக்டர் கொரோட்காஃப் சொன்னது 1905இல். அவை நம் ஊர் ஆஸ்பத்திரியை எட்டியது எப்போதோ! அதுவரையில் நம் வீடுகளில், 'வாதம் அடித்துவிட்டது', 'பேச்சு நின்றுவிட்டது', 'தூக்கத்திலேயே போய்விட்டார், புண்ணியவான்' என்று சொல்லி அழுத சாவுகளில் எத்தனை ரத்தக் கொதிப்பின் கணக்கில் சேர வேண்டியவையோ, யார் கண்டார்கள்?

சரி, 'இயற்கை' என்னும் மந்திரச் சொல்லுக்கு வருவோம். இயற்கை என்றால் தீங்கு செய்யாது என்று யார் சொன்னது? பாம்பின் விஷமும் இயற்கைதான். பிரேஸில் தேசத்து ஜராராக்கா என்ற விரியன் கடித்தால் மனிதனுடைய ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அந்த விஷத்தை ஆராய்ந்து, அதிலிருந்து பாடம் கற்று, வேறொரு பொருளைத் தயாரித்து, சோதித்து, 1981இல் கேப்டோப்ரில் என்ற மாத்திரையாக்கினார்கள். பாம்பைப் பிடித்து டப்பாவில் அடைத்து, 'முழுக்க இயற்கை' என்று விற்கவில்லை.

நம் நாட்டு உதாரணம் வேண்டுமா? சர்ப்பகந்தி. நம் வைத்தியர்களுக்கு அந்த வேரைக் காலங்காலமாகத் தெரியும். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் அதை ரத்தக் கொதிப்புள்ளவர்களுக்குக் கொடுத்து, அளந்து, குறித்து, 1949இல் இங்கிலாந்தின் இருதய மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் ஸ்விட்சர்லாந்தில் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து ரெஸர்பின் என்று பெயரிட்டார்கள். சற்று முன்னால் 143 பேர் சோதனை ஒன்றைச் சொன்னேனே, அதில் கொடுத்த மூன்று மருந்துகளில் இந்த ரெஸர்பினும் ஒன்று! அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வருகிறது என்பதும் சோதித்ததனால்தான் தெரிந்தது. சர்ப்பகந்திக்குக் கௌரவம் தேடித் தந்தவர் அதை அளந்து பார்த்த வக்கீல். அளக்காமல் டப்பாவில் அடைக்கிறவர்கள் அவருக்கு வாரிசுகள் ஆகமாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. மூலிகைத் தேநீர்களிலும் பொடிகளிலும் தித்திப்புக்காக அதிமதுரம் சேர்ப்பதுண்டு. அதிமதுரத்தை அளவுக்கு மேல், நாள் கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்தம் ஏறும். குறைப்பதற்கென்று வாங்கியது ஏற்றி வைக்கும்! அதுவும் இயற்கைதான்.

'அதெல்லாம் இருக்கட்டும், எனக்குக் குறைந்ததே!' என்று சாட்சி சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ரத்த அழுத்தம் சுவரில் அடித்த ஆணி அல்ல. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சண்டை போட்ட பிறகு ஒன்று, தூங்கி எழுந்த பிறகு ஒன்று. டாக்டரைப் பார்த்த பயத்திலேயே ஏறுகிறவர்கள் உண்டு. மனிதன் டப்பா வாங்க ஓடுவது எப்போது? இலக்கம் உச்சியில் இருந்த அன்று. உச்சியில் இருந்தது அடுத்த வாரம் பெரும்பாலும் கொஞ்சமாவது இறங்கித்தான் இருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழம் விழுந்தது மெய். காக்கைக்கு மாலை போட வேண்டியதில்லை.

'மருந்துக் கம்பெனிக்காரன் மட்டும் தர்மராஜாவோ?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவனும் லாபத்துக்குத்தான் கடை வைத்திருக்கிறான். ஆனால் சட்டம் அவனைக் கூண்டில் ஏற்றி, 'காட்டு' என்று கேட்கிறது. இவனைக் கூண்டில் ஏற்றுவதே இல்லை. அவனிடம் குற்றம் கண்டால் கடுமையாகத் தண்டியுங்கள். அதற்காக விசாரணையே இல்லாதவனை மகாத்மா ஆக்க வேண்டுமா?

இதனால் யாருக்கு என்ன நஷ்டம், பணந்தானே என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். என் கதை எது வெளிவந்தாலும், பிழைகளைப் பட்டியல் போட்டு ஒரு கார்டு எழுதி, தெருக்கோடித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். நேரில் பார்த்தால் சொல்ல மாட்டார், கார்டில்தான் சண்டை. ஒரு நாள் கடைத்தெருவில் பார்த்தபோது முகமெல்லாம் மலர்ச்சி.

"மாத்திரையை நிறுத்திட்டேன், தெரியுமோ? இது வேர், இலை, பட்டை. ஒரு ரசாயனம் கிடையாது."

"டாக்டரைக் கேட்டீர்களா, சார்?"

"அவரைக் கேட்டால் விடுவாரா? அது அவர் பிழைப்பாச்சே!"

நான்கு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் அளந்தபோது 210க்கு 120. மாத்திரையை நிறுத்தியதனால்தான் வந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் டாக்டர் அல்ல. ஆனால், சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் இப்படியெல்லாம் நேரும் என்பது டாக்டர்கள் தினமும் சொல்கிற விஷயம். வலது கை விழுந்துவிட்டது. இப்போது எனக்குக் கார்டு வருவதில்லை. என் பிழைகளெல்லாம் பிழைகளாகவே அச்சில் நிற்கின்றன. அந்தப் பொடியை விற்றவர், தாம் விற்றது உணவு என்கிறார். சட்டப்படி அவர் சொல்வது சரி!

டப்பாக்காரர்கள் விற்பது ரத்த அழுத்தத்தின் குறைவை அல்ல, மாத்திரையிலிருந்து விடுதலையை. நாற்பது வயதில் ஒருவனிடம், 'இனி தினமும் ஒரு மாத்திரை' என்று டாக்டர் சொல்லும்போது அவன் மனத்தில் ஏதோ ஒன்று முறிகிறது. தான் நோயாளி என்ற முத்திரையை அவன் வெறுக்கிறான். அந்த வெறுப்பு இயல்பானது, எனக்குப் புரிகிறது. அந்தப் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு அதன்மேல் கடை போடுகிறார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023இல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் 100க்கு 35 பேருக்கு மேல் ரத்தக் கொதிப்பு உண்டு. எத்தனை பெரிய சந்தை என்று பாருங்கள்!

நான் உணவுக்கு விரோதி அல்ல. உணவினால் ரத்த அழுத்தம் குறையும் என்பது நிரூபணமான உண்மை. 1997இல் அமெரிக்காவில் 459 பேருக்கு எட்டு வாரம் சமைத்துப் போட்டுப் பார்த்தார்கள். காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் பண்டங்கள் நிறைந்த சாப்பாடு. ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு, வழக்கமான சாப்பாட்டுக்காரர்களைவிட மேல் இலக்கம் 11 புள்ளி கூடுதலாக இறங்கியது. அது முழுச் சாப்பாட்டின் பலன். எந்த ஒரு காயையும் பிழிந்து கேப்ஸ்யூலில் அடைத்ததன் பலன் அல்ல. கீரையும் வாழைத்தண்டும் சுண்டலும் உப்பில்லாத மோரும் நம் சமையற்கட்டிலேயே இருக்கின்றன. இவற்றுக்கு முழுப் பக்க விளம்பரம் கொடுக்க யாருக்கும் முடையில்லை.

உப்பின் கதையும் இதுதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்னத் தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஊறுகாய், அப்பளம், வடகம், மிக்ஸர் என்று நாம் அதைத் தாண்டி வெகு தூரம் போய்விட்டோம். குறைத்தால் பலன் உண்டு. ஆனால் குறைப்பதை யாரும் விற்க முடியாதே! ஆகவே 'நல்ல உப்பு' விற்கிறார்கள். இந்துப்பு சாப்பிட்டால் பிரஷர் ஏறாது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இளஞ்சிவப்பு நிறத்தைக் கழித்துப் பார்த்தால் அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். நிறத்துக்குப் பல மடங்கு விலை.

உண்மையாகவே மாற்று உப்பு ஒன்றைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம், சாதாரண உப்பில் கால் பங்குக்குப் பொட்டாசியம் குளோரைடைக் கலந்து, ஐந்து வருஷம்போல. 2021இல் முடிவு வந்தது: பக்கவாதம் 100க்கு 14 பங்கு குறைவு. பாருங்கள், உணவும் நிரூபித்துக் காட்ட முடியும், மனம் இருந்தால். அந்த உப்புங்கூட, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் அதையும் தொடக் கூடாது.

கடைசியாக ஒரு பெரிய மனிதரின் கதை; இது கற்பனை அல்ல. 1944 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்டைப் பரிசோதித்த டாக்டர் குறித்த ரத்த அழுத்தம் 186க்கு 108. உலகத்திலேயே பெரிய அதிகாரம் அவர் கையில். இருந்தும் அன்று சரியான மாத்திரை இல்லை. உப்பைக் குறைத்தார்கள், ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். வேறு வழி தெரியவில்லை. 1945 ஏப்ரல் 12ஆம் தேதி, 'தலை வலிக்கிறது' என்று சொல்லிச் சாய்ந்தார். அன்று அளந்தது 300க்கு 190. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. அவருக்குக் கிடைக்காத மாத்திரை இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதைக் கிழவியின் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஜனாதிபதிக்குக் கிட்டாத பாக்கியத்தைக் குப்பையில் வீசச் சொல்லித்தான் அந்த டப்பாக் கதை முடிகிறது!

என் கோரிக்கை பெரிதல்ல. 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல' என்ற வாசகத்தைத் தமிழில், டப்பாவின் முன்பக்கத்தில், அந்தச் சிவப்பு இருதயத்தின் அளவுக்குப் போடுங்கள். நோய் தீரும் என்று வாயால் சொல்லி விற்கிற ஏஜெண்டையும் சட்டத்தின்கீழ் கொண்டுவாருங்கள். பத்திரிகைக்காரர்களுக்கும் ஒன்று. என் தொடர்கதையைப் போடுகிற பத்திரிகைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 'தொடரும்' என்ற என் எழுத்துக்குக் கீழேயே இந்த டப்பாவின் படம் வருகிறது. அந்த வரும்படியில்தான் எனக்குச் சன்மானம் தருகிறீர்கள் என்றால், சன்மானத்தைக் குறைத்துக் கொடுங்கள், படத்தை எடுத்துவிடுங்கள்.

வாசகர்களே, உங்களுக்கு: மாத்திரை பிடிக்கவில்லையா? டாக்டரிடம் போய்ச் சண்டை போடுங்கள். உப்பைக் குறைத்து, நடந்து, இளைத்துக் காட்டி, 'இப்போது குறைப்பீர்களா?' என்று கேளுங்கள். அவரே குறைக்கக்கூடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். கதை வேண்டுமென்றால் டப்பாக்காரரிடம் போகாதீர்கள், எங்களிடம் வாருங்கள். விலையும் குறைவு, விழுங்க வேண்டிய அவசியமும் இல்லை.